ஒருபோதும் பயன்படாத விதி

அரவேணுவில் கடைகளுக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். தேயிலை பாக்டரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் காட்டும் எச்சரிக்கைகளை முதல் நாளே அணைத்துவிடுவது அங்கே வழக்கம். "எர்ரர் வந்தா பாருங்க, வார்னிங் வந்தா கண்டுக்காதீங்க" என்பார் முதலாளி. நானும் மண்டையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எனக்குப் புதுக் கணினி வந்தது. அதில் எச்சரிக்கைகளை இன்னும் அணைத்திருக்கவில்லை. கட்டபெட்டு பாக்டரிக்குக் கொடுத்த பழைய அலாரம் நிரலைக் கம்பைல் செய்ததும் மஞ்சளாய் ஒரு வரி எழுந்தது: இந்தத் தனி விதி ஒருபோதும் பயன்படாது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கே மூடுபனி இறங்கினால் சூடு அளக்கும் சென்சார்கள் ஈரத்தில் தாறுமாறாக அளவு காட்டும். அதனால் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவாக எழுதிய டெம்ப்ளேட் என்ற அச்சு நிரல், சூட்டைக் கொஞ்ச நேரம் சராசரி பார்த்த பிறகே அலாரம் அடிக்கும். இலை காயவைக்கும் டிரையருக்கு அது ஆகவே ஆகாது. சூடு ஏறியதுமே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே தூள் பற்றிக்கொள்ளும். டிரையருக்கென்று முதலாளி ஒரு தனி விதி எழுதியிருந்தார். எழுதிய முறை தப்பு. கம்பைலர் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை; டிரையர் அலாரமும் பொது விதிப்படி தாமதமாகத்தான் அடிக்கும். எடுக்கவில்லை என்று சொல்லியும் இருக்கிறது, பாவிகள் நாங்கள்தான் அதன் வாயைப் பொத்தியிருக்கிறோம்.

கட்டபெட்டில் அந்த டிரையரைப் பார்த்துக்கொள்பவர் என் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, இதப் பாத்தீங்களா?" என்று கத்தினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "வார்னிங் தானுங்களே" என்றார்.

"உங்க ஊட்டு ஆளு அங்க நின்னா இப்பிடிப் பேசுவீங்களா?"

கட்டபெட்டுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, வீட்டுக்காரர் எடுத்தார். பின்னால் ஒரே மிஷின் இரைச்சல்.

"டிரையர உடனே நிறுத்துங்க. அலாரம் நம்பற மாதிரி இல்லீங்க."

"என்ன புள்ள, வெளையாடறயா? உங்க அலாரம் மாட்டுன பொறகுதான் எங்களுக்கு நிம்மதியே. இதுவரைக்கும் ஒருக்காகூட அடிக்கலியே! அதனாலதான் எங்கூட நின்ன ஆளையும் வேற வேலைக்கு அனுப்பிட்டாங்க. நானும் டிரையருக்கு முதுகக் காட்டி உக்காந்து சோறு தின்னுட்டு இருக்கறேன்."

"ஐயோ, எந்திரிங்க! மொதல்ல எந்திரிங்க!"

நான் போட்ட கூச்சலில் கீழ்க் கடைக்காரர் படியேறி வந்துவிட்டார். அந்த மிஷின் இரைச்சல் அடங்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.