எந்தக் கடல் மீன்

பார்ரா வியேஹா என்ற கடலோர ஊரில் கடலுக்கும் காயலுக்கும் நடுவில் இருந்தது ஒத்திலியாவின் ஓலைக் கொட்டகை. விடுமுறை வந்தால் தலைநகரிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: தாய்யா மீன். முழுச் சங்கராவை வயிறு கீறிச் சுத்தம் செய்து, இரண்டாக விரித்து, ஊறவைத்து அரைத்த மிளகாய் விழுதைப் பூசி, கம்பி வலையில் வைத்து விறகுத் தணலில் வாட்டுவாள். வாசனை பக்கத்துக் கொட்டகைக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கிளப்பும்.

அவள் கணவன் நபோர், பக்கத்து அகாபுல்கோ நகரில் ஒரு பணக்காரரின் உல்லாசப் படகைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். "கடல்மேல நிக்கிறது என் பொழப்பு, கடலைச் சுட்டு விக்கிறது உன் பொழப்பு" என்று அவளைச் சீண்டுவான்.

அந்த ஆண்டுப் புயல் பகலில் வெறும் மழையாகத்தான் இருந்தது. படகை மறைவான பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, அதிலேயே இருக்கும்படி முதலாளி போனில் சொல்லிவிட்டார். இருட்டும் நேரத்தில் நபோர் அவளைக் கூப்பிட்டான்.

"காத்து கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு. நீ கொட்டகைக் கயித்தை இழுத்துக் கட்டு."

"கொட்டகை கெடக்கட்டும், நீ கரைக்கு வந்துரு."

"படகை விட்டுட்டு வந்தா வேலை போயிரும்டீ."

மறுநாள் வளைகுடாவில் படகே இல்லை. கொட்டகையும் இல்லை. ஒத்திலியாவும் நபோரின் அக்கா கிளியோஃபாஸும் கரையோரமெல்லாம் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள், பிணவறையில் துணி விலக்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார்கள். படகின் ஒரு பலகை கிடைத்தது. நபோர் கிடைக்கவில்லை.

ஈஸ்டரை ஒட்டிய புனித வார விடுமுறைக்குள் நாத்தியும் அவளுமாகச் சேர்ந்து கொட்டகையை மறுபடி போட்டார்கள். முதல் நாள் கூட்டம் வந்தது. ஒத்திலியா மீனைப் பலகையில் கிடத்திக் கத்தியை எடுத்தாள். வயிறு திறந்தது. உள்ளே விரலை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது என்னத்தைத் தின்னுருக்கும்?"

கிளியோஃபாஸுக்குப் புரிந்துவிட்டது. பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "பேசாதடீ. ஆளுங்க உக்காந்திருக்காங்க."

ஒத்திலியா கத்தியைக் கீழே போட்டாள். அன்று முதல் கோழி வாட்டிக் கொடுத்தாள். வந்தவர்கள், "இதைத் தின்ன இம்புட்டுத் தூரமா வந்தோம்?" என்று சிரித்துவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போனார்கள்.

சில வாரம் கழித்துக் கிளியோஃபாஸ் ஒரு கூடை சங்கராவைக் கொண்டுவந்து வைத்தாள். "இது நம்ம கடல் மீன் இல்ல. வெராக்ரூஸ்லேருந்து லாரியில வருது. அந்தப் பக்கத்துக் கடல். நடுவுல ஒரு நாடே கெடக்கு."

ஒத்திலியா மீனின் கண்ணையே பார்த்தாள். "சத்தியமா?"

"என் தம்பி மேல சத்தியமா."

கிளியோஃபாஸ் கீறினாள், ஒத்திலியா விழுது பூசித் தணலைப் பார்த்துக்கொண்டாள். கை பழைய பழக்கத்துக்குத் திரும்பியது. ஒருநாள் வலையில் ஒட்டியிருந்த கருகல் துணுக்கைப் பிய்த்து வாயிலும் போட்டாள். நபோருக்கு அந்தக் கருகல்தான் பிடிக்கும். நெடுநாளைக்குப் பிறகு அவள் நாக்குக்கு உப்பு தெரிந்தது.

ஆடிப் பாடி வந்த ஒரு கூட்டத்தில், வெயிலில் சிவந்த மூக்கோடு ஒரு மனிதர் தணலருகே வந்து நின்றார்.

"அம்மா, நல்லாச் சுடுங்க. இது நாங்க பிடிச்ச மீனாக்கும்!"

"நீங்க பிடிச்சதா?"

"விடியக்காலைல உங்க ஊர்ப் படகுல போனோம். மிச்சத்தை உங்க நாத்தனார்தானே கூடையோட வாங்கினாங்க? தெனமும் அவங்கதான் வாங்குறாங்களாமே!" என்று போனில் படத்தைக் காட்டினார். பின்னால் தெரிந்தது அவள் கடல்.

ஒத்திலியா கொட்டகையின் பின்பக்கம் போனாள். கிளியோஃபாஸ் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

"தம்பி மேல சத்தியம் பண்ணினியே அக்கா."

கிளியோஃபாஸின் கை நின்றது. மறைக்கப் பார்க்கவில்லை. "கோழியை வச்சு எத்தனை நாளைக்குடீ? ரெண்டு பேரும் பட்டினி கெடக்கவா?"

"என்னையும் தின்ன விட்டுட்டியே!"

"நான் தெனமும் திங்கிறேன்." கிளியோஃபாஸ் மீனைக் கீழே வைத்தாள். "நீ நெனச்சதை நான் மட்டும் நெனைக்கலேன்னு பாக்கிறியா? நான் தூக்கி வளத்த புள்ள. அப்படியே இருந்தாலும், எவனோ ஊரான் வயித்துக்குள்ள போறதுக்கு என் வயித்துக்குள்ள போகட்டுமே. மண்ணுல பொதைக்கத்தான் அவன் கெடைக்கல. வேற எங்கடீ வைப்பேன் அவனை?"

ஒத்திலியா அவளை அடிக்கத்தான் கை ஓங்கினாள். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முன்னாலிருந்து அந்த மனிதர், "அம்மா, மீன் கருகுது!" என்று கூப்பிட்டார். போய் வலையைத் திருப்பிப் போட்டாள்.

தூரத்து மோந்தெர்ரே நகரில் இருக்கும் அவள் மகள், வந்துவிடும்படி போனில் அழுகிறாள். அங்கே கடல் கிடையாது. இரண்டு முறை பையைக் கட்டி, இரண்டு முறையும் அவிழ்த்துவிட்டாள் ஒத்திலியா. நபோர் ஒதுங்கினால் இந்தக் கரையில்தான் ஒதுங்குவான் என்று ஒருநாள் தோன்றும். இனி ஒதுங்க என்ன மிச்சமிருக்கும் என்று மறுநாள் தோன்றும்.

இப்போதும் தாய்யா மீனுக்குக் கூட்டம் வருகிறது. விரலைச் சப்பிக்கொண்டு கைப்பக்குவத்தைப் புகழ்கிறார்கள். அவள் தலையாட்டுகிறாள். கூட்டம் கலைந்தபின் கிளியோஃபாஸ் தன் தட்டோடு ஒரு மூலையில் உட்காருவாள். முள்ளைக்கூடச் சப்பி, எதையும் மிச்சம் வைக்காமல் மெதுவாகத் தின்பாள். அவள் முடிக்கும்வரை ஒத்திலியா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காயலோரம் போய் நிற்பாள். போதும் என்று ஒருநாளும் நாத்தியிடம் சொன்னதில்லை. தனக்கு ஒரு வாய் கேட்டதுமில்லை.