கடைசி ஆள் வந்தாச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆளைப் பயமுறுத்திப் பிழைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். ஆனால் அந்த நவம்பர் மாதச் சனிக்கிழமை நடந்தது நடந்ததுதான். என்னோடு அந்தப் பேருந்தில் வந்தவர்கள் எல்லாரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போது நான் வட இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. சனிக்கிழமை ஆனால் போதும், இங்கிலாந்தைக் காட்டுகிறேன் என்று எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு வாரம் இடிந்த மடாலயம். ஒரு வாரம் நாடகம். இன்னொரு வாரம் கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு, காலில் சலங்கை கட்டிய கிழவர்கள் கம்பைத் தட்டி ஆடுவதைப் பார்க்க வேண்டும். எனக்கு இதெல்லாம் சுத்தமாக ஒத்துவராது. சனிக்கிழமை என்றால் போர்வைக்குள் கிடக்க வேண்டும். என்னை விடாமல் இழுத்துக்கொண்டு போனவள் இல்ஸே.

இல்ஸே லாட்வியாக்காரி. எனக்குப் பக்கத்து அறை. எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். நான் வைத்த ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, பதிலுக்கு நாலு நாள் பழைய பீட்ரூட் சூப்பைத் தலையில் கட்டுவாள். சுடர் என்கிற என் பெயரைச் 'சூடர்' என்று நீட்டித்தான் கூப்பிடுவாள். திருத்தித் திருத்தி எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் போன குளிரில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று இரவு கண்ணே மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே ஜீவன். அதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

அன்று காலையும் வந்து கதவைத் தட்டினாள்.

"எழுந்திருடி. இன்னிக்குப் பொணப் பாதையில நடக்கப் போறோம்."

"பேரே மங்களகரமா இருக்கு. நீ போயிட்டு வா. நான் இங்கேயே பொணமாப் படுத்திருக்கேன்."

போர்வையை உருவிவிட்டாள். வேறு வழியில்லாமல் கிளம்பினேன்.

அந்த மலைப்பக்கத்தில் இப்படிப் பாதைகள் உண்டு. மேட்டு ஊரில் அந்தக் காலத்தில் இடுகாடு கிடையாது. செத்தவர்களைப் பெட்டியில் வைத்து, மலையைத் தாண்டிச் சுமந்துகொண்டுபோய் அடுத்த பள்ளத்தாக்கில் புதைப்பார்கள். தோள் வலித்தால் பெட்டியை இறக்கி வைக்க, வழியில் தட்டையான பெரிய கற்கள் போட்டிருக்கும்.

எங்களைக் கூட்டிப்போனவர் கோலின். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். உறைபனி கொட்டினாலும் அரைக்கால் டவுசர்தான் போடுவார். வழக்கமாக அவர் மனைவி கூட்டத்தின் கடைசியில் வருவார். அன்று அந்தம்மாவுக்கு ஜலதோஷம்.

"மலையில ஒரே சட்டம்தான், பிள்ளைங்களா," என்றார் கோலின். "முன்னாடி நான். கடைசியில மஞ்சச் சட்டை. மஞ்சச் சட்டைக்குப் பின்னாடி ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது. அப்பப்ப நான் 'கடைசி ஆள்?'னு கத்துவேன். 'வந்தாச்சு'ன்னு பதில் வந்தா எல்லாரும் இருக்கீங்கன்னு அர்த்தம். திரும்பிப் பார்க்காம நடந்துக்கிட்டே இருப்பேன்."

"பதில் வரலைன்னா?" என்று கேட்டான் நைஜீரியாக்காரன் ஒபியோரா.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட வராம இருந்ததில்லப்பா."

யார் கடைசி ஆள் என்று கேட்டதும் இல்ஸே கையைத் தூக்கிவிட்டாள். அந்தப் பளீர் மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ரோடு போடுற மேஸ்திரி மாதிரி இருக்கே," என்றேன்.

"பொறாமைடி உனக்கு. கழுத்து வரைக்கும் பொறாமை."

மேலே ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. உச்சியில் இருந்த பிணக் கல்லின் மேலேயே உட்கார்ந்து, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றோம். ஒபியோரா மட்டும் உட்காரவில்லை. "எங்க ஆத்தா பார்த்தா செருப்பாலயே அடிப்பா," என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

இறங்கத் தொடங்கும்போது மணி இரண்டே முக்கால். மூடுபனி அப்போதுதான் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

"நீ போய்க்கிட்டே இரு. குப்பையெல்லாம் பொறுக்கிட்டு வந்துடுறேன்," என்றாள் இல்ஸே. கடைசி ஆளின் வேலை அது. நான் நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் முன்னாலிருந்து கோலினின் குரல் வந்தது.

"கடைசி ஆள்?"

"வந்தாச்சு, தலைவரே! என் முட்டிதான் இன்னும் மேலயே உட்கார்ந்திருக்கு!"

அதுதான் இல்ஸே. ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை பேசுவாள்.

பனி இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் போன ஒபியோராவின் முதுகுப் பை மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"கடைசி ஆள்?"

"வந்தாச்சு."

அவ்வளவுதான். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை. களைத்துப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் குரலில் களைப்பும் இல்லை. இரண்டு மணி நேரம் மலை ஏறி இறங்குகிறவளுக்கு மூச்சாவது வாங்க வேண்டாமா?

மூன்றாவது முறை...

"கடைசி..."

"வந்தாச்சு."

அவர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. அதுவும் என் பிடரிக்குப் பின்னாலேயே. சட்டென்று திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை. தூரத்தில், பனியின் விளிம்பில், மஞ்சளாக ஒன்று நின்றது.

"இல்ஸே? ஏண்டி அங்க நிக்கிறே? சீக்கிரம் வா!"

அது அசையவில்லை. நான் ஒரு அடி வைத்தேன். அதுவும் ஒரு அடி வைத்தது. நான் நின்றேன். அதுவும் நின்றது.

விளையாடுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. "குளிர்ல சாகறேன், உனக்கு விளையாட்டா?"

பிறகு...

"நட, சுடர்."

நடந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். சொன்னதும் கால் தானாக நடந்தது. நிமிராமல், பேசாமல், கீழே பாதை முடியும்வரை நடந்தேன். சரளைக் கற்களில் 'சரக்... சரக்...' என்று காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. என் காலடிச் சத்தம் மட்டும்தான்.

பேருந்தை அடைந்தபோது மணி நான்கு. அந்த ஊரில் நவம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். வளைவுச் சாலையில் எனக்குக் குமட்டும் என்பதால் ஓட்டுநருக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். கடைசி இருக்கையில் ஜன்னலோரமாக மஞ்சள் தெரிந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துத் தலைகளை எண்ணினார்.

"சரியா இருக்கு. போலாமா?"

"போலாம்," என்றார் கோலின்.

கதவு மூடிக்கொண்டது. 'புஸ்ஸ்...'

கால் மணி நேரம் போயிருக்கும். சூடு போட்டிருந்தும் பின்பக்கம் குளிர்கிறது என்று யாரோ முனகினார்கள். ஈரக் கம்பளி நாற்றமும் அடித்தது. என் பையில் ஒரு சாக்லேட் இருந்தது. எரிந்து விழுந்தோமே, சமாதானமாகக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன்.

கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகும்போதுதான் அது மண்டையில் உறைத்தது.

'நட, சுடர்.'

சூடர் இல்லை. சுடர். எங்கள் அம்மா கூப்பிடுகிற மாதிரியே.

அது மட்டும் இல்லை.

அது தமிழில் வந்தது.

இல்ஸேவுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

கடைசி இருக்கை.

மஞ்சள் சட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஜிப் கழுத்து வரை ஏற்றியிருந்தது. தோள் புடைத்திருந்தது.

மேலே தலை இல்லை.

கையை நீட்டினேன்...

தொட்டதும் பொத்தென்று சரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இருக்கை முழுக்கத் தண்ணீர். சொட்... சொட்... சொட்...

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஓட்டுநர் பிரேக் போட்டதும் நான் தரையில் விழுந்து கிடந்தேன். கோலின் அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "வந்தாச்சுன்னாளே... எனக்குக் கேட்டுச்சே... வந்தாச்சுன்னாளே..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

திரும்பிப் போனோம். மலை மீட்புக் குழுவினர் விளக்குகளோடு ஏறினார்கள். எங்களை யாரும் மேலே விடவில்லை. அடிவாரத்து மதுக்கடையில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு டீ கொடுத்தார்கள், ஒருவரும் குடிக்கவில்லை. தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி வேண்டிக்கொண்டேன். அவளை மட்டும் கொடுத்துவிடு, வேறெதுவும் கேட்கமாட்டேன் என்று வாய்விட்டே அழுதேன். ஒபியோரா என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பங்குக்கு வேண்டிக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. மயிரிழையில் இருந்தது.

மீட்புக் குழுவில் ஹிலரி என்று ஒரு பெண்மணி. அவர்தான் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"அந்தக் கல்லு மேலதாம்மா படுத்திருந்தா. காலை நீட்டி, நேரா. கோட்டை மடிச்சுத் தலைக்கு வெச்சிருந்துச்சு. பூட்ஸ் ரெண்டும் பக்கத்துல ஜோடியா. சாக்ஸைச் சுருட்டி உள்ள வெச்சிருந்துச்சு."

"அந்தக் குளிர்லயா? ஏன் கழட்டினா?"

"பயப்படாதே. குளிர் எல்லை மீறிப்போனா உடம்பு எரியற மாதிரி இருக்கும். தானே எல்லாத்தையும் கழட்டிப் போட்டுடுவாங்க. நாங்க நிறையப் பார்த்திருக்கோம்."

அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது என்றே சொல்ல வேண்டும். குளிர்தான், வேறொன்றும் இல்லை என்று அன்று இரவு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். வாசலில் கோலின் நின்றிருந்தார். ஒரே ராத்திரியில் பத்து வயது கூடிவிட்ட மாதிரி இருந்தார்.

"கால் விரல் நாலு போயிடுச்சும்மா," என்றார். "நாம இறங்கின கொஞ்ச நேரத்துலயே கல்லுக்குப் பின்னாடி வழுக்கி விழுந்திருக்கா. ரெண்டு மணிக்கட்டும் முறிஞ்சிருக்கு. டாக்டர் சொல்றார், ஒரு விரலைக்கூட மடக்க முடியாதாம். ஒரு பொத்தானைக்கூடக் கழட்ட முடியாதாம்."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உள்ளே போய் அவள் அறைக் கதவைத் திறந்தேன். இல்ஸே என்னைப் பார்த்தாள். பார்த்தவுடன் கத்தத் தொடங்கினாள். கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, படுக்கையில் பின்னால் பின்னால் நகர்ந்தாள். செவிலி ஓடிவந்து என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

நான் பேருந்தில் இருந்தேன். ஓட்டுநருக்குப் பின்னால் இருந்தேன். எல்லாரும் சாட்சி. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லி, அவர்களும் அவளிடம் சொல்லிப் பார்த்தார்கள்.

அவளை ஊருக்கு அழைத்துப் போக அவள் அக்கா டாட்ஸே ரீகாவிலிருந்து வந்தாள். கிளம்புகிற அன்று அந்த அக்கா மட்டும் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா," என்றாள்.

"கேளுங்க."

"'குளிருது, வேணாம்னு அத்தனை தடவை கெஞ்சினேனே... சிரிச்சுக்கிட்டே ஏன் சூடர் என் சாக்ஸைக் கழட்டினே?'"