இடது கையால் கொடுத்த லட்டு

டாக்டர்கள் மேல் கேஸ் போடும் வக்கீலுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம்தான் கதி. சித்தூரில் எந்த கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும் டாக்டர் முதலில் என் நாக்கைப் பார்ப்பதில்லை, கைப்பையைப் பார்க்கிறார். உள்ளே நோட்டீஸ் இருக்குமோ என்று பயம். கையில் டோக்கனோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்துக்கிடந்த உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மாங்காய் சீசன் கேஸ்

இந்தத் தொழிலில் பாதி வேலை, வருகிறவரிடம் "இது கேஸ் இல்லை" என்று சொல்வதுதான். வைத்தியம் பலிக்கவில்லை என்பதற்காக டாக்டர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். சாதாரணமாக எந்த டாக்டரும் காட்டக்கூடிய கவனத்தை இவர் காட்டாமல் விட்டிருக்க வேண்டும், அதனாலேயே நோயாளிக்குக் கெடுதல் வந்திருக்க வேண்டும். மாங்கூழ் ஃபேக்டரி சூப்பர்வைசர் ஒருவர் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருக்கு சுகர் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மாத்திரை சரி, டெஸ்ட் சரி, உடம்பும் தேவலை. பிறகு என்னய்யா குறை என்றேன்.

"சீசன் நடுவுல வந்து சொல்றாரும்மா. பங்கனபள்ளி முடிஞ்சப்புறம் சொல்லியிருந்தா இன்னா கெட்டுப்போச்சு?"

வக்கீல் தேடின கதை

நகரி முனிரத்தினமும் அவர் மனைவி தேசம்மாவும் வந்தது அப்படியில்லை. வீட்டோடு பவர்லூம் வைத்துப் பிழைக்கிறவர்கள். முனிரத்தினம் வழுக்கி விழுந்து வலது முன்கை முறிந்து, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு இறுக்குகிறது, விரல் மரத்துப்போகிறது என்று மறுபடி மறுபடி பஸ் ஏறிப் போய்ச் சொல்லியும் யாரும் தளர்த்தவில்லை. கட்டைப் பிரித்தபோது விரல்கள் உள்ளே மடங்கி அப்படியே நின்றுவிட்டன. விரல் விரிந்தால்தானே அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட முடியும்.

இன்னொரு ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் சரியாகும் என்று வேலூர் டாக்டர் ஒருவர் சொன்னார். கட்டை அன்றைக்கே தளர்த்தியிருக்க வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எதிராக எழுதித் தருவது லேசில் நடக்கிற காரியமில்லை, நான் அந்தக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆனால் ஆபரேஷனுக்குச் செலவழிக்கத் தறியை விற்க வேண்டும். கை வந்தால் தறி இருக்காது, தறி இருந்தால் கை வராது. இத்தனை பெரிய ஊரில் என்னை எப்படிப் பிடித்தீர்கள் என்று தேசம்மாவைக் கேட்டேன்.

"ஒரு லாயரு நெலம் எங்க கீதுன்னு கேட்டாரு. இன்னொருத்தரு என்னிய தனியா கூப்ட்டு, புருசன் அடிக்கிறானான்னு கேட்டாரு. கைய பாத்தது நீ ஒருத்திதாம்மா."

வணக்கம் போட்ட புகார்

நுகர்வோர் கமிஷனுக்குப் புகார் எழுதி வாசித்துக் காட்டினேன். 'கவனக்குறைவு' என்ற இடம் வந்ததும் முனிரத்தினத்துக்கு முகம் வாடிவிட்டது. அந்த டாக்டர் தங்கமான மனுஷராம், ஒருநாள் தன் காபியில் பாதியை ஊற்றிக் கொடுத்தாராம். இது ஜெயிலுக்கு அனுப்புகிற கேஸ் இல்லை, நஷ்டஈடுதான் கேட்கிறோம் என்று விளக்கினேன்.

"எழுதுறது எழுதிக்கோம்மா. மொதல்ல அவருக்கு ஒரு வணக்கம் போட்டுடு."

சுவரில் இருந்த போட்டோ

கட்டுப் பிரித்த அன்று கை நன்றாகத்தான் இருந்தது, பிறகு அவசரப்பட்டுத் தறி ஓட்டிக் கெடுத்துக்கொண்டார் என்பது ஆஸ்பத்திரியின் வாதம். அதற்கு ஆதாரமாக ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார் அவர்கள் வக்கீல். பிரித்த அன்றே எடுத்து ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த போட்டோ. அதில் முனிரத்தினம் வாயெல்லாம் பல்லாக டாக்டருக்குத் திருமலை லட்டு கொடுக்கிறார். விரல் சீக்கிரமே சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்ன சந்தோஷம். கை கெட்டவன் இப்படிச் சிரிப்பானா என்று கேட்டார் வக்கீல். இந்த லட்டு விஷயத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் என்னிடம் மூச்சே விடவில்லை.

கமிஷன் தலைவரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போட்டோவைப் பார்த்தார். "பிரசாதம் எடம சேத்தோ எந்துகு இச்சாரு?" என்றார். இடது கையால் ஏன் கொடுத்தார்? திருப்பதிப் பக்கம் யாராவது பெருமாள் பிரசாதத்தை இடது கையால் நீட்டுவார்களா? ஆஸ்பத்திரி வக்கீல் அப்போதுதான் தன் போட்டோவை முதன்முறையாகப் பார்த்தார். முனிரத்தினத்தின் வலது கை துண்டுக்குள் ஒளிந்திருந்தது. தேசம்மா எழுந்து நின்றாள்.

"வலது கை தொறக்கலியேம்மா. சாமி பிரசாதத்த இப்பிடிக் குடுத்துட்டியேன்னு பஸ்ஸு பூரா திட்டிக்கினே வந்தேன். அந்த வெக்கத்துலதான் லாயரம்மாகிட்ட கூட சொல்லல."

வலது கை

ஆபரேஷன் செலவையும் இழந்த கூலியையும் ஆஸ்பத்திரியே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அவர்களும் இழுத்தடிக்காமல் கொடுத்தார்கள். வேலூரில் ஆபரேஷன் முடிந்து, பயிற்சியெல்லாம் செய்து தேறியபின், இருவரும் அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்தே திருமலை ஏறி, இறங்கியதும் சித்தூர் பஸ்ஸைப் பிடித்து என் ஆபீசுக்கு வந்தார்கள். எனக்கு ஜலதோஷம், கையில் கஷாயம். முனிரத்தினம் வலது கையை நீட்டி ஒவ்வொரு விரலாக விரித்தார். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் பிகு பண்ணியது. உள்ளங்கையில் லட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜலதோஷத்தின்மேல் பழியைப் போட்டேன். பஸ் ஏறுமுன் ஆஸ்பத்திரிக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தோம் என்றார்.

"டாக்டருக்கும் ஒண்ணு குடுத்தேம்மா, வலது கையால. கை நடுங்கிக்கினே இருந்திச்சி. என்னுது இல்ல, அவரோடது."

சித்தூரில் எனக்கு ஊசி போட இன்னும் ஒரு டாக்டர் கிடைத்தபாடில்லை, லட்டு மட்டும் குறைவில்லாமல் வந்துகொண்டிருக்கிறது, ஆகவே எனக்கும் ஒருநாள் சுகர் வரத்தான் போகிறது, அதுவும் நல்ல மாங்காய் சீசனில்.