அறுகம்குடாவில் ஒன்பதரை மணிப் படகு

செவ்வாய்க்கிழமை, காலை 5.40. பதுளை பஸ் நிலையம்.

மொனராகலை பஸ் புறப்பட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. என் மனைவி ராஜேஸ்வரி ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் கீழே நின்று கைப்பையை மூன்றாம் தடவையாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய மருந்துகள் இரண்டு பொதிகளாக, ஒன்று தொலைந்தால் மற்றது கைகொடுக்க. இருதய நிபுணரின் கடிதம், அதன் நிழற்பிரதிகள் இரண்டு. வழியில் ஏறப்போகும் மைத்துனனையும் சேர்த்து மூவரின் அடையாள அட்டைப் பிரதிகள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டக் கந்தோரில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன் நான். பிரதி எடுக்காத கடதாசியைக் கடதாசியாக மதிப்பதில்லை.

நாங்கள் போவது கடல் பார்க்க. இன்னும் சரியாகச் சொன்னால், கடலிலிருந்து கரையைப் பார்க்க. சென்ற வருடம் ராஜேஸ்வரியின் இருதயக் குழாயில் கம்பிச் சுருள் வைத்தபோது, கொழும்பு ஆஸ்பத்திரி வாட்டில் அவள் கட்டிலுக்கு எதிரே ஒரு கலண்டர் தொங்கியது. மணல், தென்னை, ஒரு பாறை, முன்னால் முழுக்கத் தண்ணீர். ஒன்பது நாள் அதையே பார்த்துக் கிடந்தவள் பத்தாம் நாள், "இந்தப் படத்தைப் புடிச்சவரு கடலுக்குள்ளதானே நின்னிருக்கணும்? நல்லபடியா எழும்பினா நானும் அந்த மாதிரி நின்னு பாக்கணுங்க" என்றாள். நோயாளிக்கு வாக்குக் கொடுப்பது செலவில்லாத காரியம் என்று நினைத்துத் தலையாட்டினேன். நோயாளி எழும்பிவிட்டாள்.

பயணம் போகலாம், அதிகப் படபடப்பு மட்டும் ஆகாது என்று நிபுணர் எழுதியிருந்தார். கடலில் படபடப்பு எந்த அளவில் கிடைக்கும் என்பது கடிதத்தில் இல்லை. எங்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது பீலியிலிருந்து தலையில் விழுவது. முழங்காலுக்கு மேல் ஏறினால் அதன் பெயர் வெள்ளம். இவளை உயிரோடு கூட்டிப்போய் உயிரோடு கூட்டிவர வேண்டும். எனக்கு இந்தப் பயணத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

"அவசரத்துக்கு எறங்குற வழி எது தம்பி?" என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"பின்கதவு ஐயா. அது பூட்டு ஒடஞ்சி நாலு வருஷமாச்சு. கவலையே வேணாம், எப்பவும் தொறந்துதான் இருக்கு."

பசறை, காலை 6.50. ராஜேஸ்வரியின் தம்பி செல்வராஜ் ஏறினான். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மூக்கை வைத்தே வாழ்ந்தவன். ஏறியதும் ஜன்னலைத் திறந்து காற்றை இழுத்து, "மச்சான், கச்சான் வந்துருச்சு" என்றான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆடி ஆவணியில் மலையின் மேற்குப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் வறண்ட காற்றைக் கச்சான் என்போம். ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறுவது இந்தக் காற்றில்தான். கொழுந்து சிணுங்காமல் வாடும், மானேஜர் சிரிப்பார், நல்ல விலை போகும். அதைவிட முக்கியம், கச்சான் அடித்தால் மழையில்லை. மீரியபெத்தத் தோட்டம் மண்சரிவில் புதைந்துபோன பிறகு எங்கள் பக்கத்தில் ஆபத்து என்றால் மழைதான். இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் லயங்களில், எங்கள் வரிசை வீடுகளில், யாரும் சரியாகத் தூங்குவதில்லை. காய்ந்த காற்று அடிக்கும் நாளில்தான் நிம்மதியாகக் கால் நீட்டுவோம். செல்வராஜ் சொன்னதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

மொனராகலையில் பஸ் மாறினோம். சியம்பலாண்டுவ தாண்டி, லகுகலயில் வீதியோரம் ஒற்றை யானை நின்றதால் பதினைந்து நிமிடம் தாமதம். பொத்துவிலில் இறங்கி ஆட்டோவில் அறுகம்குடா, மூன்று கிலோமீற்றர், நானூறு ரூபாய். விடுதி அறை காலைச் சாப்பாட்டுடன் ஆறாயிரத்து ஐந்நூறு. சேர்ந்தபோது பகல் 1.10.

அன்று மாலை 5 மணி, கடற்கரை.

விடுதிக்காரர் சொன்ன படகுக்காரர் நிசாம், நாற்பது வயதிருக்கும், வலை மடித்துக்கொண்டிருந்தார். பேச்சு சுருக்கம். குடாவிலிருந்து தெற்கே முதலைக்கல், யானைக்கல், அதற்கப்பால் பீனட் ஃபாம் கடற்கரைவரை கடலுக்குள் இருந்தபடியே காட்டித் திருப்பிக்கொண்டு வருவார். இரண்டு மணித்தியாலம், பன்னிரண்டாயிரம்.

"வெள்ளாப்புல வந்துருங்க சேர். அஞ்சரைக்கு."

விடிவதற்கு அவர் பக்கத்துச் சொல் அது. நான் படகின் பதிவிலக்கத்தைக் குறித்துக்கொண்டேன். மிதவை அங்கிகளை எண்ணினேன். நான்கு இருந்தன, ஒன்றின் கொக்கி உடைந்திருந்தது. கடைசியாக, யார் யார் கடலுக்குப் போகிறோம் என்று பெயர் எழுதிச் மீனவர் சங்க அலுவலகத்தில் முத்திரையிட்ட சீட்டு வேண்டும் என்றேன்.

நிசாம் வலையைக் கீழே வைத்தார். "சங்கம் எட்டரைக்குத்தான் திறக்கும் சேர். என்னத்துக்கு அது? ஊரே பாத்துக்கிட்டு இரிக்கத்தானே போறம்."

"எங்க தோட்டத்துல காலையில பெரட்டுக்களத்துல ஆள் கணக்கெடுத்துப் பேரு போடாம ஒரு ஆளையும் மலைக்கு அனுப்புறதில்ல. பேரு விழாத ஆளுக்குக் கை போனாலும் கால் போனாலும் கேக்க நாதியில்ல."

"இது கடல் சேர்."

"அதனாலதான்."

ராஜேஸ்வரி என் பின்னால் நின்று, "விடிய வெள்ளனவே போயிருவோமே" என்றாள் மெதுவாக. அவளுடைய நன்மைக்காகத்தான் இவ்வளவும் என்று அவளுக்கு விளக்கினேன்.

புதன்கிழமை, காலை 9.05. சங்கச் செயலாளர் சாவியோடு வந்தார். நான்கு பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, முத்திரை. இப்படி ஒரு சீட்டை அவர் அதற்கு முன் எழுதியதே இல்லை என்பதை முகம் காட்டியது. வாசகத்தை நானே சொல்லிக் கொடுத்தேன்.

கரைக்கு வந்தபோது மற்றப் படகுகள் எல்லாம் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. அதன் பொருள் எனக்குப் புரியவில்லை. ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று மெச்சினேன். விடியலிலிருந்து காத்திருந்த நிசாம் வானத்தைப் பார்க்கவில்லை, தென்னைகளைப் பார்த்தார்.

"சேர், நாளைக்குப் போவமே. கச்சான் எழும்பிட்டு."

"நல்லதுதானே!" என்றான் செல்வராஜ். "மழை இல்ல, தண்ணியும் தட்டு மாதிரி கெடக்கு."

உண்மையில் கிடந்தது. அலை இல்லை, மேகம் இல்லை. நான் சீட்டிலிருந்த திகதியைக் காட்டினேன். நாளைக்கென்றால் புதுச் சீட்டு வேண்டும். எட்டரை மணி என்பார்கள், ஒன்பது ஆகும். நிசாம் மறுபடியும் தென்னைகளைப் பார்த்தார். பிறகு, "யானைக்கல்லு மட்டும். அங்கால போறல்ல" என்றார்.

9.30. கொக்கி உடைந்த அங்கியை நான் போட்டு, சணல் கயிற்றால் கட்டிக்கொண்டேன்.

முதல் அரை மணி நேரத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அது அழகாக இருந்தது. கரையில் நிற்கும்போது கடற்கரை என்பது காலுக்குக் கீழிருக்கும் மணல். கடலிலிருந்து பார்த்தால் அது நீளமான ஒரு வெள்ளைக் கோடு. அதன் மேல் பச்சை, அதன் மேல் ஒன்றுமில்லை. குடாவின் விடுதிகளும் கூச்சலும் ஐந்து நிமிடத்தில் கையளவாகிவிட்டன. முதலைக்கல் நீருக்குள் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. ராஜேஸ்வரி கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் கரையைவிட அவளுடைய உதட்டின் நிறத்தைத்தான் அதிகம் பார்த்தேன். நீலம் பாய்ந்தால் கெட்ட அறிகுறி என்று வாட்டில் சொல்லியிருந்தார்கள்.

10.10. யானைக்கல் தெரியத் தொடங்கிய இடத்தில் எஞ்சின் ஒரு தடவை இருமி நின்றது. யாரோ எறிந்த பழைய நைலோன் வலை, பின்னாலிருக்கும் விசிறியில் சுற்றி இறுகிவிட்டது. நிசாம் எஞ்சினைச் சாய்த்துக் கத்தியால் அறுத்தார். பத்து நிமிடத்தில் வலை வந்துவிட்டது. எஞ்சினும் ஓடியது. விசிறி சுற்றவில்லை. அதை உள்ளே பிடித்திருக்கும் இரும்பு ஊசியான பின் முறிந்திருந்தது. நங்கூரத்தைப் போட்டார், கயிறு முழுவதும் ஓடிப்போய்த் தொங்கியது. அடியைத் தொடவில்லை.

அப்போதுதான் நான் கரையை நிமிர்ந்து பார்த்தேன். கோடு மெலிந்திருந்தது.

"போட்டு நகருதா?" என்றேன்.

"கச்சான் தள்ளுது சேர். கரையில இரிந்து வெளியால. கிட்டத்துல எண்ணெய் மாதிரி கிடக்கும், கடலுக்குள்ள வந்தாத்தான் வேலையக் காட்டும். அதுக்குத்தான் எல்லாரும் எட்டு மணிக்கே போட்ட ஏத்துற."

"மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்று செல்வராஜ் சீறினான்.

"சொன்னனே. சேர் கடதாசியக் காட்டினார்."

முகத்தில் பட்ட காற்று நாங்கள் பிறந்ததிலிருந்து பழகிய அதே காற்று. கொழுந்தை வாட்டுவது, மழையை விரட்டுவது. அதற்குக் கரைக்கும் கடலுக்கும் வேறு வேறு வேலை இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முத்திரைச் சீட்டு, மழையில்லாக் காற்று என்ற இரண்டு ஜாக்கிரதைகளை நான் ஒன்றுசேர்த்து ஒரு ஆபத்தைத் தயாரித்திருந்தேன்.

நிசாம் தொலைபேசியில் தன் காக்காவை, அதாவது அண்ணனை, அழைத்தார். மணலில் ஏற்றிய படகை ஆள் பிடித்து இறக்கி வர வேண்டும். எவ்வளவு நேரம் என்றேன். "வருவார்" என்றார். நான் கேட்டதற்கு அது பதிலல்ல.

10.40. படகு குறுக்கே ஆடத் தொடங்கியது. செல்வராஜ் தலையைக் கவிழ்த்து வாந்தி எடுத்தான். என் மனம் ஒரு கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தது: மேற்படி திகதியன்று எனது மனைவி காலமானதைத் தங்களுக்கு அறியத் தருகிறேன். அதை நிறுத்த முடியவில்லை. ராஜேஸ்வரியின் நாடியைப் பார்க்கக் கையை நீட்டினேன். அவள் அதே கையைப் பிடித்துத் திருப்பி, என் மணிக்கட்டில் விரலை வைத்தாள்.

"உங்களுக்குத்தாங்க ஓடுது. எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. இருந்து என்னா செய்ய? இங்க எந்திரிச்சி ஓடவா முடியும்? தண்ணிய குடிங்க மொதல்ல."

11.15. கரை இப்போது கோடுகூட இல்லை, ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்திலிருந்து ஒரு புள்ளி பிரிந்து வந்தது. நிசாம் சட்டையைக் கழற்றி ஆட்டினார். காக்கா வந்து கயிற்றை எறிந்தார். தம்பியைப் பார்த்து, "பத்து மணிக்கு யார்றா ஆக்கள ஏத்துவான், மடையன்?" என்று மட்டும் கத்தினார். அந்த வசை முறைப்படி எனக்குரியது. நான் கையுயர்த்திப் பெற்றுக்கொள்ளவில்லை.

காற்றுக்கு எதிரே இழுபட்டு வந்தோம். உப்புத் தண்ணீர் வாளியால் ஊற்றினாற்போல் முகத்தில் அடித்தது. நடுவில் ராஜேஸ்வரி என் காதருகே குனிந்து, "பாதித் தூரந்தான் போனோம். சீட்டுல அரைப் பேரு போட்டுருங்க" என்றாள். கொழுந்து நிறுவை குறைந்தால் பாதிச் சம்பளத்துக்குத்தான் தோட்டத்தில் அந்தப் பெயர். அப்படி எத்தனையோ பெண்களுக்கு நான் போட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருந்த செல்வராஜ் சிரித்தான்.

12.25. கரை. ராஜேஸ்வரி தானாக இறங்கினாள். என்னை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

மாலை 6 மணி, விடுதி முற்றம். நிசாம் வந்தார். விசிறிக்குப் புதுப் பின் போட்டாகிவிட்டது என்றார். காட்டாத இடத்துக்குக் காசு வாங்கியது சரியில்லை. விருப்பமென்றால் நாளை வெள்ளாப்பில் சும்மாவே கூட்டிப் போவதாகச் சொன்னார். செல்வராஜ் கும்பிட்டு அறைக்குள் போய்விட்டான். ராஜேஸ்வரி, "நான் வாறேன் தம்பி" என்றாள்.

நான் தொடங்கினேன். நிபுணரின் கடிதம் ஒரு பயணத்துக்குத்தான் பொருந்தும். பஸ் பத்து மணிக்கு. ஈர உடுப்பு காயவில்லை. படகுக்காரரின் முன்னேயே அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். நாற்பத்தொரு வருடக் கல்யாணத்தில் அந்த வாக்கியத்தை அவளிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

"தெரியும்" என்றாள். "அத சொல்லத்தான் ரெண்டு நாளா இவ்வளவு கடதாசியா?"

நிசாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அம்மாவோட நீங்களும் வாங்க சேர்" என்றார். "கரையில நிண்டு பாத்துக்கிட்டு இரிக்கிற பயம் இதவிடக் கூட. எங்கட பொண்டுகளக் கேட்டுப் பாருங்க." அவரிடமிருந்து வந்த மறுமொழிகளில் எனக்கு முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை, காலை 5.45. எங்கும் பெயர் கொடுக்கவில்லை. காற்றே இல்லை. எங்களோடு பத்துப் பன்னிரண்டு படகுகள் இறங்கின. நேற்று மணலில் பார்த்து மெச்சியவை. யானைக்கல்லை 6.20க்குக் கடந்தோம். படுத்த யானையின் முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் நிசாம் எஞ்சினை மெதுவாக்கினார். பீனட் ஃபாம் கடற்கரை வளைந்து கிடந்தது. காலடியே படாத மணல், பின்னால் பற்றைக் காடு.

எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் யாரோ ஒருவரின் பார்வைக்குள்தான் நிற்போம். மேல் மலையிலிருந்து கங்காணி, எதிர் மலையிலிருந்து மானேஜர் பங்களா, லயத்து வாசலிலிருந்து அயல். இங்கே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களைப் பார்க்க எவருமில்லை என்று நினைத்தேன். ஒருவர் இருந்தார். மணலின் ஓரமாகத் தோளில் தூண்டிலோடு நடந்து போன மனிதர், எறும்பளவு. அவர் நின்று எங்கள் பக்கம் கையை உயர்த்தினார்.

ராஜேஸ்வரி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். "நீங்களும் காட்டுங்களேன், பாவம், நிக்கிறாரு."

புறப்பட்டதிலிருந்து என் இரண்டு கைகளும் படகின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தன. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வலது கையை எடுத்து உயர்த்தினேன். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மறுபடியும் கையசைத்துவிட்டுத் தன் வழியே நடந்தார். இடது கையை நான் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி எவரும் கேட்கவும் இல்லை.