பதினாறு விளக்கு மிக்ஸர்

எனக்கு ஆட வராது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம், சிங்கப்பூர். ராணுவத்தில் கட்டாய தேசிய சேவையை முடித்துவிட்டு ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமை பிற்பகல்களில் ஆர்ச்சர்ட் ரோடு ஹோட்டல்களில் ‘டீ டான்ஸ்’ நடக்கும். பெயரில்தான் டீ. உள்ளே ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸும் நெஞ்சை அதிரவைக்கும் டிஸ்கோவும் இருக்கும். அந்த ஜூஸை இரண்டு மணி நேரம் குடிப்பதில் நான் தேர்ந்தவன். கையில் கிளாஸ் இருந்தால் ஏன் ஆடவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்படி ஒரு நாள் சுவரோரம் நின்றிருந்தபோதுதான் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த டிஜேவைக் கவனித்தேன். ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்து, தோளால் அழுத்திப் பிடித்தபடி இசைத்தட்டை மாற்றிக்கொண்டிருந்தான். அவனும் ஆடவில்லை. ஆனால் பெண்கள் அவனிடம் போய்ப் பாட்டுக் கேட்டார்கள். ஆடத் தெரியாதவனுக்கும் இங்கே ஒரு மரியாதையான இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் நானும் டிஜே ஆவது என்று அங்கேயே முடிவு செய்தேன். இசை மீது காதல் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். காரணம் இதுதான்.

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் மின்சாதனக் கடைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றை ஒரு சீனப் பெண்மணி நடத்திவந்தார். எப்போது போனாலும் மடியில் ஏதாவது ஓர் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து வைத்துக்கொண்டு பற்றவைத்துக்கொண்டிருப்பார். சுற்றிலும் தமிழர்கள் கடைகள் என்பதால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“தம்பி, மொதல்ல டர்ன்டேபிள் வாங்கு. ரெண்டும் ஒரே மாதிரி. இந்த மாதிரி ஸ்லைடர் இருக்கணும்” என்று, இசைத்தட்டைச் சுழற்றும் ஒரு டர்ன்டேபிளின் ஓரத்தில் இருந்த சின்னக் குமிழை மேலும் கீழும் நகர்த்திக் காட்டினார். ஒரு பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அடுத்த பாட்டோடு சேர்ப்பதற்கு அது. நான் தலையாட்டினேன். என் கண் அவருக்குப் பின்னால் அலமாரியில், இரண்டு தட்டுகளின் பாட்டையும் கலந்து அனுப்பும் மிக்ஸரில் இருந்தது. கறுப்பு நிறம், இருபதுக்கு மேல் குமிழ்கள், நடுவில் பச்சையும் சிவப்புமாகப் பதினாறு விளக்குகள். பாட்டுக்கு ஏற்ப அவை ஏறி இறங்கின.

“அது எவ்வளவு ஆன்ட்டி?”

அவர் பற்றவைப்பதை நிறுத்தினார். “உனக்கு லைட் வேணுமா, சவுண்ட் வேணுமா?”

“ரெண்டும் வேணும் லா.”

“ஆம்ப் இருக்கா? ஸ்பீக்கர் இருக்கா?”

“எல்லாம் இருக்கு” என்றேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு ரேடியோ, ஒரு மேசை விசிறி. இல்லை என்று சொன்னால் நான் புதியவன் என்று தெரிந்துவிடுமே என்ற பயம். அந்த விளக்குகளை நான் பார்த்த பார்வையிலேயே அவருக்கு அது தெரிந்திருக்கும்.

என் சேமிப்பில் பெரும்பகுதியை மிக்ஸர் விழுங்கியது. மிச்சத்தை எடுத்துக்கொண்டு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனேன். தரையில் விரித்த தார்ப்பாயில் கடிகாரம், இரும்புப் பெட்டி, பல்செட்டுக்கு நடுவே இரண்டு டர்ன்டேபிள்கள் கிடைத்தன. ஒன்று வெள்ளி நிறம், இன்னொன்று தேக்கு மரப் பெட்டி. இரண்டிலும் ஸ்லைடர் இல்லை. மரப்பெட்டி கொஞ்சம் வேகமாகச் சுற்றியது. விறுவிறுப்பாக இருக்கிறது, டிஸ்கோவுக்கு நல்லதுதான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மிக்ஸர் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் அம்மா தேங்காய் அரைக்கும் மிக்ஸி என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார். பெட்டியைப் பிரித்ததும் அடுப்படிக்குப் போய்விட்டார். மருத்துவமனையில் தாதியாக இருந்த அக்கா மட்டும் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நான் இணைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியை இறக்கினேன். பதினாறு விளக்கும் எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

“டேய், சவுண்ட் எது வழியா வரும்?” என்றாள்.

நான் மிக்ஸரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர் இல்லாமல் எது வழியாகவும் வராது என்பது அப்போதுதான் உறைத்தது.

மிக்ஸரோடு வாங்கிய ஹெட்ஃபோனைக் காதில் வைத்து, “ஹெட்ஃபோன்ல கேக்குது” என்றேன்.

“அப்ப ஆடறவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுப்பியா?”

அடுத்த மூன்று மாதம், உலகத்தில் நான் மட்டுமே கேட்கக்கூடிய டிஜேவாக இருந்தேன். இருட்டில் விளக்கு அழகாக எரிந்தது.

இதை அக்கா எங்கள் மாதா கோயில் பங்குத் தந்தையிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு என் மேல் இரக்கம் வந்தது. “நம்ம பங்குக் குடும்ப விழாவுக்கு நீயே பாட்டுப் போடுப்பா. கோயில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாம் எடுத்துக்க” என்றார். ஸ்பீக்கர் என்றால் திருவிழா ஊர்வலத்துக்குக் கட்டும் குழாய் ஒலிபெருக்கி. இரண்டு.

விழா ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் கூடத்தில். புதுச்சட்டை, தோளில் ஹெட்ஃபோன். முதல் பாட்டைப் போட்டதும் ஏதோ ஊர்வலம் புறப்படுவதாக நினைத்து இரண்டு பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். அந்தக் குழாயில் டிஸ்கோ, அறிவிப்பு வாசிப்பது போலத்தான் கேட்டது. சின்னப் பிள்ளைகள் மட்டும் குதித்து ஆடினார்கள். கூடத்துக்கு மரத்தரை. அவர்கள் குதிக்கும்போதெல்லாம் ஊசியும் குதித்தது. ஒரே வரி நாலைந்து தடவை பாடியது.

“மெதுவா ஆடுங்க, மெதுவா!” என்று மைக்கில் கெஞ்சினேன். ஆடுகிறவர்களை ஆடாதே என்று சொன்ன டிஜே அனேகமாக நான் ஒருவன்தான்.

பிறகு, பல நாள் பயிற்சி செய்து வைத்திருந்த வித்தையைக் காட்டினேன். வெள்ளி டர்ன்டேபிளில் ஓடும் பாட்டு முடியும் முன்பே மரப்பெட்டியில் அடுத்ததை ஏற்றினேன். இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. மரப்பெட்டியின் பாடகர் பயந்துபோன பெண்ணின் குரலில் பாடினார். பங்குத் தந்தை மெல்ல என் பக்கத்தில் வந்து, “கரண்ட்ல ஏதாவது பிரச்சினையாப்பா?” என்று கேட்டார்.

அக்காதான் காப்பாற்றினாள். வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் சின்ன காசெட் ரேடியோவையும் சினிமாப் பாட்டு நாடாவையும் எடுத்துவந்தாள். ரேடியோவின் வாயருகே மைக்கை நிறுத்திப் போட்டாள். முதல் மேளம் கேட்டதுமே எழுந்து நின்ற இரண்டு பெரியவர்களும் உட்பட கூடமே இறங்கி ஆடியது. மைக் என் மிக்ஸர் வழியாகத்தான் போயிற்று. பதினாறு விளக்குகளும் அக்காவின் காசெட்டுக்கு ஒரு குறையுமில்லாமல் ஏறி இறங்கின. நான் பின்னால் நின்று முக்கியமான வேலை செய்வது போல ஒரு குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்தக் குமிழ் எதற்கு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு ஜாலான் புசார் போனேன். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே போனேன். கடைக்குள் நுழைந்ததும் அது மறந்துவிட்டது.

“ஆன்ட்டி, எங்கிட்ட ஆம்ப்பும் இல்ல, ஸ்பீக்கரும் இல்ல. அன்னிக்கும் இல்ல.”

“தெரியும் லா” என்றார், தலை நிமிராமல்.

“அப்புறம் ஏன் கொடுத்தீங்க?”

“நான் சொன்னேன். நீ லைட்டப் பாத்துட்டு இருந்த.”

மிக்ஸரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரே மாதிரியான இரண்டு பழைய டர்ன்டேபிள்களைக் கொடுத்தார். இரண்டிலும் ஸ்லைடர். கூடவே நாலே குமிழ் உள்ள ஒரு சாம்பல் நிற மிக்ஸர்; ஒரு விளக்குகூட இல்லை. ஆம்ப்பும் ஸ்பீக்கரும் வேண்டும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஊசி குதிக்காமல் இருக்க டர்ன்டேபிளுக்கு அடியில் போட இரண்டு தடித்த ரப்பர் துண்டுகளை வெட்டிக் கொடுத்துவிட்டு, “மொதல்ல கேட்டுப் பழகு. பாக்காத” என்றார்.

ஓர் ஆண்டு பழகினேன். அதன் பிறகு அலுவலக நண்பர் ஒருவரின் கல்யாண விருந்துக்குச் சமூக மன்றத்தில் பாட்டுப் போட்டேன். நடுவில் ஒரு கட்டத்தில் ஒரு பாட்டு எந்தத் தடங்கலும் இல்லாமல் அடுத்த பாட்டுக்குள் வழுக்கிப் போயிற்று. எனக்கே நம்ப முடியவில்லை. யாராவது பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். விருந்துக்கு வந்திருந்த அக்காவும் ஆடிக்கொண்டிருந்தாள். கையைக் காட்டி அழைத்து, “எப்படி?” என்றேன்.

“என்ன எப்படி?”

“இப்பப் பாட்டு மாத்துனேன்ல!”

“மாத்துனியா? எப்போடா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஆடப் போனாள்.

அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.