பயனாளிப் பட்டியலில் இல்லாதவள்

அந்த விண்ணப்பத்தின் முதற் பத்தியை மட்டும் நான்கு தடவை திருத்தி எழுதினேன். மற்றப் பகுதிகள் இலகுவாகவே வந்தன. என்ன கட்டப் போகிறோம், எத்தனை மாதம் எடுக்கும், யார் எதற்குப் பொறுப்பு என்பதெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. முதற் பத்தியிலேயே வாசிப்பவரின் மனம் அசைய வேண்டும் என்று எங்கள் பணிப்பாளர் சொல்லியிருந்தார். ஆகவே கணவனைக் கடல் கொண்டுபோன ஓர் இளம் தாயைப் பற்றி எழுதினேன். மணலில் விரித்த பழைய வலையில் சூடை மீனைக் காயப்போட்டுவிட்டு, காகமும் நாயும் அண்டாமல் நாள் முழுக்க வெயிலில் காவல் இருப்பவள். வானம் இருண்டால் ஐந்து வயது மகளும் அவளோடு சேர்ந்து ஓடி ஓடிக் கருவாட்டை அள்ளுவாள். பெயர் எதுவும் போடவில்லை. பெயர் போடாவிட்டால் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான் அப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் செயற்திட்ட உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கொக்குவிலில் இருந்து ஸ்கூட்டியில் அலுவலகம் போவேன். வாரத்தில் இரண்டு நாள் அச்சுவேலி தாண்டி, தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடந்து, அதற்கப்பால் உள்ள ஒரு கரையோரக் கிராமத்துக்குப் போய்வருவேன். அங்கே மாதர் சங்கத்தின் தலைவியாக இருந்த அக்காதான் இந்தக் கதையை எனக்குச் சொன்னவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் கூலிக்குக் கடற்றொழிலுக்குப் போகிறவர்.

ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அக்கா ஒரு கொப்பியோடு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"மிஸ், வாறவை எல்லாரும் என்ன வேணும் எண்டு கேக்கினம். நாங்களும் கோழி எண்டுறம், தையல் மெசின் எண்டுறம். கேட்டாத் தருவினம் எண்டு தெரிஞ்சதைத்தான் கேக்கிறம். உண்மையிலை எங்களுக்குத் தேவை கருவாடு காயப்போட ஒரு இடம்."

கொப்பியைத் திறந்து காட்டினார். பென்சிலால் ஒரு கூடம் வரைந்திருந்தார். வெயில் புகும் கூரை, இடுப்பளவு உயரத்தில் கம்பிவலைத் தட்டுகள், ஒரு மூலையில் மீன் கழுவும் தொட்டி. தண்ணீர் எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்றுகூட அம்புக்குறி போட்டிருந்தார்.

"உந்த யோசினை எப்பிடி அக்கா வந்தது?"

"என்ரை தங்கச்சியைப் பாத்துத்தான். முதுகெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கு அவளுக்கு. பிள்ளையும் மண்ணுக்கை கிடந்து வளருது."

அன்று வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கினேன்.

அந்த வருடம் எங்கள் நிர்வாக சபையின் மேசைக்கு மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று பக்கத்துக் கிராமத்து மீனவர் சங்கத்துக்கு வலை வைக்கும் கட்டடம். இன்னொன்று எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு. மூன்றாவது எங்கள் கருவாட்டுக் கூடம். ஒன்றைத்தான் எடுத்து நிதி கேட்க முடியும். தேவை எவ்வளவு, எங்களால் செய்து முடிக்க முடியுமா, நாங்கள் விலகிய பிறகும் நடக்குமா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். கணினி வகுப்புக்குத்தான் சபையில் ஆதரவு கூடுதலாக இருந்தது. சபை உறுப்பினர்களின் பேரப்பிள்ளைகளும் அந்த வட்டாரத்தில் படித்தார்கள். எனது முதற் பத்தியை வாசித்த வயதான உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதையே செய்வம்" என்றார். வேறு யாரும் மறுத்துக் கதைக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஒரு பெருமை ஓடியது. நான் முகாமைத்துவம் செய்யப்போகும் முதலாவது திட்டம் அது.

நிதி தந்தவர்களின் ஒப்பந்தம் ஒரு மாதம் கழித்து வந்தது. அக்கா ஏற்கெனவே தலைவியாக விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, சங்கத்தைப் பதிவும் செய்திருந்தார். கூடத்தில் இடம் பெறும் பன்னிரண்டு பெண்களை இனித்தான் தெரிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், சங்க நிர்வாகிகளின் நெருங்கிய உறவினர் யாரும் பயனாளியாக இருக்க முடியாது என்று ஒரு வரி இருந்தது. அதை இரண்டு முறை வாசித்துவிட்டுப் பணிப்பாளரின் அறைக்குப் போனேன்.

"விதி பிழையில்லை," என்றார் அவர். "நாளைக்குத் தலைவி தன்ரை ஆக்களுக்குக் குடுத்திட்டா எண்டு கதை வரக்கூடாது. விதிவிலக்குக் கேட்டு எழுதலாம். ஆனா மறுமொழி வர ஒண்டரை மாசம் செல்லும். மாரிக்கு முதல் அத்திவாரம் போடாட்டி, பிறகு மாசிதான். நீர் யோசிச்சுச் சொல்லும்."

என் மேசைக்குமேல் சுவரில், கிழமை கிழமையாகக் கட்டம் போட்டு ஒரு பெரிய தாளை ஒட்டியிருந்தேன். அத்திவாரம், தூண், கூரை, தட்டு எல்லாம் நிறம் தீட்டி வைத்திருந்தேன். ஒன்றரை மாதம் தள்ளினால் அவ்வளவும் குழம்பிவிடும். அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று இன்றைக்கும் தெரியாது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப நான் விலகிறன் மிஸ். வேறை ஆரையும் தலைவியாப் போடுங்கோ."

"உங்கடை பேரிலைதான் அக்கா எல்லாம் பதிஞ்சு கிடக்கு. மாத்தினா ஒப்பந்தமும் முதலிலை இருந்து எழுத வேணும். நீங்கள் இல்லாட்டி இதை ஆர் செய்யிறது? பன்னிரண்டு குடும்பம் இருக்கு அக்கா."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அக்கா சேலைத் தலைப்பில் தொங்கிய ஒரு நூலை இழுத்து அறுத்தார். "சரி. அவளுக்கு நான் சொல்லுறன்" என்றார்.

தங்கை வீட்டில் என்ன நடந்தது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். "என்னைப் பாத்து வந்த யோசினை எண்டு நீதானே அக்கா சொன்னனி? இப்ப பன்னிரண்டு பேரிலை ஒருத்தியா இருக்க எனக்குத் தகுதி இல்லையோ?" என்று தங்கை கேட்டிருக்கிறாள். அக்கா விதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தங்கை கதவைச் சாத்தியிருக்கிறாள். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது.

வேலை நன்றாகவே நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. திங்கட்கிழமைகளில் கூட்டம். கடந்த கிழமை என்ன முடிந்தது, இந்தக் கிழமை யார் என்ன செய்வது என்று அக்கா ஒவ்வொருவராகக் கேட்பார். சீமெந்து காயாமல் காலையும் மாலையும் தானே தண்ணீர் விட்டார். ஒருநாள் ஒப்பந்தக்காரர் உழவு இயந்திரத்தில் மணல் ஏற்றிவந்தபோது, அக்கா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உது கடல் மண். உப்பு. திருப்பிக் கொண்டு போங்கோ."

"அக்கா, ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

இயந்திரம் வந்த வழியே திரும்பிப் போனது. அப்படி ஒருவரை நான் அதற்குப் பிறகு எந்தத் திட்டத்திலும் காணவில்லை.

என்ன தடங்கல்கள் வரலாம் என்று நான் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். மழை, சீமெந்து விலை, மீன்பாடு குறைவது. எல்லாவற்றுக்கும் நேரே மாற்று வழியும் எழுதியிருந்தேன். இரண்டு சகோதரிகள் கதைக்காமல் போவார்கள் என்று அதில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

கட்டடம் எழும்பிய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் தங்கை தன் பழைய வலையை விரித்திருப்பாள். நான்கு தடிகளில் ஒரு சேலையைக் கட்டி, அதன் நிழலில் பிள்ளையை இருத்தியிருப்பாள். நான் ஸ்கூட்டியைக் கட்டடத்தின் மறுபக்கத்தில் நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்னரே வேலை முடிந்தது. திறப்பு விழாவுக்கு வாழை கட்டி, ஒலிபெருக்கி பூட்டி, ஊரே கூடியிருந்தது. அக்கா குத்துவிளக்கின் பக்கத்தில் மெழுகுதிரியோடு நின்றார். பணிப்பாளர் பேச எழுந்தார். "இந்தத் திட்டம் ஏன் தொடங்கியது என்று உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்" என்று சொல்லிச் சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார். அது என்னுடைய முதற் பத்தி. அவர் அதை வாசிக்கப்போகிறார் என்று எனக்குத் தெரியாது.

கடல் கொண்டுபோன கணவன். பழைய வலை. ஐந்து வயது மகள். ஒலிபெருக்கி அதைக் கரை முழுக்கச் சொன்னது. பெயர் இல்லைதான். பெயர் யாருக்குத் தேவைப்பட்டது? ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. தங்கை கூட்டத்துக்குப் பின்னால், குழாயடியில், மகளின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பத்தி முடியும் வரை அசையாமல் நின்றாள். கைதட்டல் எழுந்தபோது பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் இறங்கிப் போனாள். அக்காவின் கையில் மெழுகுதிரி உருகி விரலில் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

மூன்று நாள் கழித்துத் தங்கையிடம் போனேன். அவள் குந்தியிருந்து மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. முகத்தில் கோபமும் இல்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

"நீங்கள் எழுதினதிலை பிழை ஒண்டும் இல்லை மிஸ். மழை வந்தா ஓடுறனான்தான். பிள்ளையும் ஓடுறதுதான். ஆனா எழுதேக்கை என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"அடுத்த முறை ஆக்களைச் சேர்க்கேக்கை உங்களை எப்பிடியும்..."

"அக்கா தலைவியா இருக்குமட்டும் ஏலாதுதானே. அவ இல்லாட்டி உந்தக் கூடமும் நடவாது. அது எனக்கும் தெரியும்."

அவள் மறுபடியும் மீனைப் புரட்டத் தொடங்கினாள். நான் திரும்பினேன்.

நான்கு மாதத்தில் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவெடுத்தாள். தாய் வெளிநாடு போவதென்றால் பிள்ளையை யார் பார்ப்பது என்று கிராம சேவையாளர் முன்னால் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்கு அக்காவை விட்டால் வேறு ஆள் இல்லை. அந்தக் காலையைப் பற்றி அக்காதான் எனக்குச் சொன்னார்.

"விதானையார் வாசிச்சுக் காட்டினார். 'சம்மதமோ' எண்டு கேட்டார். ஓம் எண்டன். கையெழுத்துப் போட்டிட்டு நிமிந்து பாத்தால், அவள் யன்னலுக்கு வெளியிலை பாத்துக்கொண்டு நிக்கிறாள். போகேக்கை பிள்ளையின்ரை உடுப்புப் பையை மட்டும் என்ரை கையிலை தந்தவள்."

கருவாட்டுக் கூடம் எங்கள் நிறுவனத்தின் பெயர்சொல்லும் திட்டமானது. வெளியிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவோம். பன்னிரண்டு பெண்களும் வெயிலில் இருந்து தப்பினார்கள். அவர்களில் ஒருத்தி மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். இறுதி அறிக்கையை நான்தான் எழுதினேன். திட்டத்தால் விளைந்த பாதகங்கள் என்ற தலைப்பின் கீழே 'இல்லை' என்று எழுதினேன். அதை எழுதிய கை இதுதான். அதன்பின் மூன்று வருடத்தில் அந்த வேலையை விட்டேன். காரணம் கேட்டவர்களுக்குக் கலியாணம் என்று சொன்னேன்.

போன வருடம் அக்கா தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி வந்திட்டாள் மிஸ். ஏலுமெண்டா ஒருக்கா வாங்கோ" என்றார். போனேன்.

தங்கை நன்றாக மெலிந்திருந்தாள். என்னை உள்ளே வரச்சொல்லித் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். அறை நடுவில் பெட்டி திறந்து கிடந்தது. மகள் பதினொரு வயதில் தாயின் தோளுக்கு வளர்ந்து, கதவடியில் சாய்ந்து நின்றாள். தாய் ஒரு சோடிச் சப்பாத்தை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை காலை நுழைத்துப் பார்த்தாள். குதி உள்ளே போகவில்லை.

"வடிவாயிருக்கு அம்மா," என்றாள் அந்தப் பிள்ளை, மரியாதையாக, வீட்டுக்கு வந்த ஒருவருக்குச் சொல்வதுபோல.

பொழுதுபடும் நேரம் பிள்ளை எழும்பி, "அம்மாட்டைப் போட்டு வாறன்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது. "பெரியம்மாட்டை" என்று திருத்தினாள். தங்கை, "ஓம், போட்டு வா" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள்.

அக்காவின் வீட்டுக்குப் போனபோது அவர் வெளியே நின்றிருந்தார். கூடத்தில் ஓரிடம் காலியாக வந்ததாம். தலைவிப் பதவியை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தங்கைக்கென்று சங்கத்தில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். இப்போது எந்த விதியும் குறுக்கே இல்லை. தங்கை வேண்டாம் என்றுவிட்டாள். நெல்லியடியில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாளாம்.

"பிள்ளையைத் தா எண்டு அவள் கேக்கேல்லை மிஸ்," என்றார் அக்கா. "கேட்டாக் குடுத்திடுவன். சண்டை பிடிச்சாலும் பரவாயில்லை. ஒண்டும் கேக்காமல் இருக்கிறாள். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு."

அந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டது நான் என்று அவரிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். விதிவிலக்குக் கேட்டு எழுத முடியும் என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிணற்றடிப் பக்கம் திரும்பி, பிள்ளையை முகம் கழுவச் சொல்லிக் கூப்பிட்டார். வாசற் படலை வரை வந்து வழியனுப்பினார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். பிள்ளை சனி ஞாயிறில் தாயோடு நிற்கிறாள். மற்ற நாட்களில் பெரியம்மா வீட்டில். அக்காவும் தங்கையும் எதுவும் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார்களாம். இந்தப் பக்கம் கறி கூடினால் அந்தப் பக்கம் போகிறது. பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது.