முதல் விதைக்கு முழு உடம்பு

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் சாமை விதைக்கும்போது சாமிக்கல்லைப் பார்த்து நின்று முதல் பிடியை இறைப்பது என் மாமாவின் உரிமை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அதற்கு ஒரே நிபந்தனை, இறைக்கிறவன் உடம்பில் குறை இருக்கக் கூடாது. விரல் போனவனுக்குக்கூட அந்தப் பிடி கிடையாது. எங்கள் சாமி அவ்வளவு கறார்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு எட்டு வயதிருக்கும். மாசியில் புளி உலுக்க மரமேறிய மாமாவின் வலது கண்ணில் ஒடிந்த குச்சி பாய்ந்துவிட்டது. அம்மா அவரை மலையிறக்கி, பஸ் ஏற்றித் திருப்பத்தூருக்குக் கூட்டிப்போனாள். விட்டுவிட்டுப் போனால் யார் மேய்ப்பது என்று என்னையும் இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கண் போய்விட்டது என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருந்தால் ஊர் அவரைத் திட்டியிருக்காது. அதை எடுத்தும்விட வேண்டுமாம்.

"உடம்புக்குள்ள காவலுக்குன்னு அணுக்கள் இருக்குதுங்க. கண்ணுக்கு உள்ள இருக்கறதை அதுங்க பார்த்ததே இல்ல. இப்ப கிழிஞ்சதுல பார்த்துடும். எதிரின்னு நெனச்சா நல்ல கண்ணையும் சேர்த்துத் தாக்கும். அதுவும் வீங்கிக் கெட்டுப்போய்டும். சீக்கிரம் எடுத்துடுங்க."

"அடிபட்டது இதுங்க. அது இன்னா பண்ணுச்சு? நல்லாதான கீது!" என்றார் மாமா. அம்மா அழுதாள், கெஞ்சினாள். "தோண்டிட்டா நான் குறை உடம்புக்காரன்க்கா. வெதைய எவன் எறைப்பான்? செத்த கண்ணுன்னாலும் அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று எழுந்துவிட்டார்.

ஊரும் ஒப்புக்கொண்டது. பார்வை இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே! சாமிக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் போலிருக்கிறது. புண் ஆறியதும், நல்ல வேளை, டாக்டர் கையில் சிக்காமல் வந்தாய் என்று மாமாவைப் பாராட்டாதவர்கள் இல்லை.

வைகாசியில் இடது கண் சிவந்தது. வெயிலைப் பார்க்க முடியாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சூடு என்று அம்மா உச்சியில் விளக்கெண்ணெய் வைத்தாள். மாமா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்.

"பாப்பா, எதிர்ல வர்றது யாரு, சொல்லு பாக்கலாம்?"

"பக்கத்து வூட்டு அத்தை!"

"அந்த மாடு இன்னா நெறம்?"

"செவலை!"

"அடி கெட்டிக்காரி!"

மழை விழுந்து விதைப்பு நாள் வந்தது. ஊரே சாமைக் கொல்லையில் கூடியிருக்க, மாமா என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். குனிந்து, "சாமிக்கல்லு எந்தப் பக்கம், சொல்லு பாக்கலாம்?" என்றார். கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். முதல் பிடியை இறைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி திணற வைக்காமல், எனக்குத் தெரிந்ததாகவே பார்த்துக் கேட்கிறாரே, மாமாவுக்கு என்மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.